எப்போதிருந்து இப்படி?

வத்தலக்குண்டுப் பக்கம், பட்டிவீரன்பட்டியை ஒட்டியிருக்கும் பேரூர் சேவுகம்பட்டி. தை பிறந்து பொங்கல் முடிந்த கையோடு அங்குள்ள சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறைவிடும் திருவிழா நடக்கும். நேர்ந்துகொண்டவர்கள் கூடை கூடையாகப் பழத்தைக் கொண்டுவந்து கூட்டத்தின் நடுவே வீசுவார்கள். கூட்டம் முண்டியடித்துப் பிடிக்கும். மேலே விழுந்த பழத்துக்காக அன்று யாரும் கோபப்படுவதில்லை. கிடைத்ததைப் பிரசாதமாக வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதே பழத்தை மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஒருவர் மேல் வீசினால் கைகலப்பாகிவிடும். பழமும் மாறவில்லை, கையும் மாறவில்லை. நாளும் இடமும் மாறிவிட்டன. இது எந்தப் பலகையிலும் எழுதிவைக்கப்படவில்லை. ஆனாலும் திருவிழாவில் நிற்கும் பத்து வயதுப் பையனுக்குக்கூட இது தெரியும். எப்படித் தெரிகிறது, எங்கே தெரிகிறது, அந்த இடம் பழுதுபட்டால் அந்த மனிதர் என்ன ஆவார் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள்.

நாம் 'குணம்' என்று சொல்வதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட இடம்பொருள் அறிதல்தான். எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும் "போயிட்டு வர்றேன்" என்று சொல்வது மரியாதை. துக்க வீட்டில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். வாய்வரை வந்துவிட்ட பழக்கத்தை அந்த ஒரு வாசலில் மட்டும் மூளை தடுத்து நிறுத்துகிறது. அந்த ஒரு நொடியில் மூன்று வேலைகள் நடக்கின்றன: எதிரில் இருப்பவரின் முகத்தைப் படிப்பது, இந்த இடத்தில் எது தகும் என்று எடைபோடுவது, தகாததைப் பிடித்து நிறுத்துவது. இவற்றில் பெரும்பங்கு மூளையின் முன்மடலுக்கு, குறிப்பாகக் கண்குழிகளுக்கு நேர் மேலே இருக்கும் அதன் அடிப்பரப்புக்கு உரியது. காதுப் பக்கத்துப் பொட்டுமடலின் முன்பகுதியும், அச்சத்தையும் ஆசையையும் உடனுக்குடன் எடைபோடும் அமிக்டலாவும் அதோடு இணைந்து இயங்குகின்றன. கல்லீரல் பித்தம் சுரப்பதைப் போல, இந்த வலைப்பின்னல் நாளெல்லாம் மரியாதையைச் சுரந்துகொண்டிருக்கிறது. சுரக்கும்வரை அதை யாரும் ஓர் உறுப்பின் வேலை என்று நினைப்பதில்லை. வளர்ப்பு என்போம், பிறவிக்குணம் என்போம்.

இந்த வலைப்பின்னலையே தேர்ந்தெடுத்துத் தின்னும் நோய் ஒன்று இருக்கிறது. பிராகு நகரத்து மருத்துவர் அர்னால்ட் பிக் 1892-இல், மூளையின் ஒரு பகுதி மட்டும் சுருங்கிப்போன நோயாளி ஒருவரைப் பற்றி எழுதியதிலிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது. இன்று அதை முன்மடல்-பொட்டுமடல் தேய்வு நோய் என்று சொல்லலாம். பெரும்பாலும் 45 வயதுக்கும் 65 வயதுக்கும் இடையில் தொடங்கும். அதன் நடத்தை வகைக்கு 2011-இல் பன்னாட்டு மருத்துவர் குழு ஒன்று ஆறு அடையாளங்களை வகுத்தது: அடக்கம் இழத்தல், எதிலும் நாட்டமின்மை, பிறர் துன்பத்தை உணராமை, செய்ததையே செய்யும் பிடிவாதம், தீனி வெறி (பெரும்பாலும் இனிப்பின் மேல்), திட்டமிடும் ஆற்றல் குறைதல். இவற்றில் மூன்று சேர்ந்து இருந்து, காலப்போக்கில் முற்றியும் வந்தால் சந்தேகிக்க வேண்டும். நினைவாற்றல் தொடக்கத்தில் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

இது நம் ஊர் வீட்டில் எப்படித் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர். கல்யாண வீட்டில் அவரை மொய் எழுத உட்காரவைப்பார்கள், அவ்வளவு நம்பிக்கை. இந்த முறையும் உட்கார்கிறார். பெயரைத் தப்பில்லாமல் எழுதுகிறார், கூட்டலிலும் பிழை இல்லை. பழைய நோட்டைப் பார்க்காமலே, போன விசேஷத்தில் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று சொல்லிவிடுகிறார். ஆனால் சம்பந்தி வீட்டார் வந்து கவரைக் கொடுத்ததும், "போன தடவை நாங்க ஐயாயிரம் எழுதினோம், இப்ப ரெண்டாயிரம்தானா?" என்று மண்டபமே கேட்கும்படி சொல்கிறார். பிறகு பந்தியில் பக்கத்து இலையிலிருந்து ஜாங்கிரியை எடுத்துத் தின்கிறார். மனைவி கூனிக்குறுகி நிற்கிறார். கணவரின் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. இங்கே கணக்கு போடும் மூளை நலமாக இருக்கிறது, நினைவு நலமாக இருக்கிறது. மொய்க் கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாத ஒன்று என்ற அந்த மெல்லிய அறிவு மட்டும் போய்விட்டது. உறவுக்காரர்கள் இதை நோய் என்று சொல்வார்களா? "பணத்திமிர்" என்பார்கள், "குடிக்க ஆரம்பிச்சுட்டாரோ" என்பார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு நம் மொழியும் ஒரு காரணம். இந்தத் தேய்வு நோயும் டிமென்ஷியாவில் ஒரு வகைதான். அந்த டிமென்ஷியாவுக்குத் தமிழில் 'மறதிநோய்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அல்சைமர் நோய்க்கு அது பொருந்தும். எதையும் மறக்காமல், எல்லோரிடமும் எடுத்தெறிந்து பேசும் மனிதருக்கு மறதிநோய் இருக்கலாம் என்று எந்தக் குடும்பத்துக்குத் தோன்றும்? நோயின் பெயரே மருத்துவமனை வாசலை அடைத்துவிடுகிறது. கணக்கெடுப்புகளும் இவர்களைத் தவறவிடுகின்றன. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர் டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. அது அறுபதுக்கு மேற்பட்டோரின் கணக்கு. ஐம்பதுகளில், மகள் கல்யாணமும் வீட்டுக் கடனும் தலைமேல் நிற்கும் வயதில் குணம் மாறிப்போகிறவர்கள் அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

நான் நிறுவ விரும்புவது ஒன்றே ஒன்று. நடு வயதிலோ அதற்குப் பின்னரோ ஒருவரின் குணம் அவருடைய பழைய குணத்துக்கு நேர் எதிராகத் திரும்பினால், அந்தத் திருப்பத்தையே உடம்பின் அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் எப்படியோ அப்படி. தீர்ப்பு அதற்குப் பிறகு வரட்டும்.

"குணம் மாறியது, மூளையும் சுருங்கியது; இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தேய்வு நோயை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்வது கடினம், ஏனென்றால் தேய்ந்த மூளை திரும்ப வளராது. காரணத்தை எடுத்துவிட்டால் குணம் திரும்புகிறதா, மறுபடி வைத்தால் மறுபடி கெடுகிறதா என்று பார்க்க முடிந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். அப்படிப் பார்க்க முடிந்த ஒரு நிகழ்வு 2003-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. வர்ஜீனியாவைச் சேர்ந்த நாற்பது வயது ஆசிரியர். அதுவரை எந்தக் குற்றப் பின்னணியும் இல்லாதவர். திடீரென்று குழந்தைகளைப் பாலியல் நோக்கில் காட்டும் படங்களைச் சேர்க்கத் தொடங்கினார். வீட்டிலிருந்த வளர்ப்பு மகளிடமே தவறாக நடக்க முயன்றார். குற்றவாளி என்று தீர்ப்பானது. தண்டனை விதிக்கப்படுவதற்கு முந்தைய இரவு, தாங்க முடியாத தலைவலியோடு மருத்துவமனைக்கு வந்தார். ஸ்கேனில், முன்மடலின் வலது அடிப்பரப்பை அழுத்திக்கொண்டு முட்டை அளவுக் கட்டி ஒன்று தெரிந்தது. கட்டியை அகற்றியதும் அந்த வேட்கை அடங்கியது. அவர் வீடு திரும்பினார். சில மாதங்களில் மறுபடி தலைவலி, மறுபடி அந்தப் படங்கள். ஸ்கேன் எடுத்தார்கள், கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. மீண்டும் அகற்றினார்கள், மீண்டும் அடங்கியது.

ஒருவரின் கதையை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதும் சரிதான். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் மருந்துகளைப் பாருங்கள். மூளையில் டோபமைன் குறைவதால் வரும் நடுக்கத்துக்கும் விறைப்புக்கும், டோபமைனைப் போலவே வேலை செய்யும் மாத்திரைகளைத் தருகிறார்கள். 2010-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்தபோது, அந்த வகை மாத்திரை எடுத்தவர்களில் 17 சதவீதம் பேருக்குச் சூதாட்டம், அளவு மீறிய பாலியல் நாட்டம், கண்மூடித்தனமாகப் பொருள் வாங்குதல், கட்டுப்பாடற்ற தீனி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. எடுக்காதவர்களில் அது 7 சதவீதம்தான். வாழ்நாள் முழுக்கச் சீட்டைத் தொடாதவர் லாட்டரியில் சேமிப்பைக் கரைக்கிறார். மாத்திரையைக் குறைத்தால் பலரிடம் அந்த வெறி தணிகிறது. ஒழுக்கம் மாத்திரையின் அளவோடு ஏறி இறங்குகிறது என்றால், அதன் அடியில் ஒரு வேதியியல் இயங்குகிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாவது சான்று நமக்கு இன்னும் நெருக்கமானது. உடலின் எதிர்ப்பாற்றல் தவறிப்போய், நரம்பணுக்களின் மேலுள்ள என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்கும் மூளை அழற்சி ஒன்று 2007-இல் அடையாளம் காணப்பட்டது. ஜோசப் டல்மாவ் என்ற நரம்பியல் அறிஞரின் குழு அதைக் கண்டறிந்தது. பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வரும். சில நாட்கள் காய்ச்சலும் தலைவலியும் இருக்கும். பிறகு தூக்கம் போகும். சம்பந்தமில்லாத பேச்சு, அலறல், வாய் கோணுதல், கைகால் வளைந்து முறுக்கிக்கொள்ளுதல், கடைசியில் மலைத்த பார்வை. இதைத் திண்டுக்கல் சமவெளியில் எந்த ஊரில் சொன்னாலும் "பேய் பிடிச்சிருக்கு" என்றுதான் சொல்வார்கள், கோடாங்கியைத் தேடுவார்கள். எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளை உரிய காலத்தில் கொடுத்தால் இவர்களில் பெரும்பாலோர் தேறி, படிப்புக்கும் வேலைக்கும் திரும்புகிறார்கள். சூலகத்தில் இருக்கும் ஒரு சிறு கட்டிதான் சிலருக்கு இதற்குத் தூண்டுகோல். அதை எடுத்துவிட்டால் 'பேய்' இறங்கிவிடுகிறது.

இங்கே நம்பிக்கை சார்ந்த ஒரு மறுப்பு வரும். கோயிலும் தர்காவும் எத்தனையோ பேருக்கு ஆறுதல் தரவில்லையா என்று. தந்திருக்கின்றன, அதை மறுப்பது அறிவியல் ஆகாது. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை ஆராய்ந்து, நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் அவர் குழுவும் 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் அங்கே தங்கியவர்களின் நோய்த் தீவிர மதிப்பெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உறவினர் ஒருவர் கூடவே தங்கினார், கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று கையில் வேலை இருந்தது. அன்பும் ஒழுங்கும் மூளைக்கு நல்லவை என்பதற்கு அது சான்று. ஆனால் அவர்களுக்கு இருந்தது மனச்சிதைவும் அது போன்ற நோய்களும். கட்டியையோ அழற்சியையோ சாமரம் வீசிக் கரைக்க முடியாது, அதற்குள் நாள் கடந்துவிடும். அன்பும் இல்லாமல், மருத்துவமும் இல்லாமல், சங்கிலி மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழகம் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கண்டது. காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் எத்தனை பேருடைய தலையை அதற்கு முன் ஒரு முறையாவது ஸ்கேன் எடுத்துப் பார்த்திருப்பார்கள்? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வகையிலும் கூடாது என்று தடைசெய்கிறது.

எல்லாவற்றையும் விடக் கனமான மறுப்பு பொறுப்பைப் பற்றியது. "எல்லாம் மூளை செய்கிற வேலை என்றால் யாரைத்தான் குற்றம் சொல்வது? திருடனும் மூளையைக் காட்டித் தப்பிக்க மாட்டானா?" இந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. கலிஃபோர்னியாவில் 2,397 நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். நடத்தை வகைத் தேய்வு நோய் உள்ளவர்களில் 37 சதவீதம் பேர் நோய்க்காலத்தில் ஏதோ ஒரு சட்டமீறலில் ஈடுபட்டிருந்தார்கள்: கடையில் பொருளை எடுத்துவிட்டு நடப்பது, பொது இடத்தில் சிறுநீர் கழிப்பது, அத்துமீறி நுழைவது, போக்குவரத்து விதியை மீறுவது. அல்சைமர் நோயாளிகளில் அது 8 சதவீதத்துக்கும் குறைவு. இதைத் தலைகீழாகப் படிக்கக்கூடாது. நோயுற்றவர்களில் பலர் சட்டத்தை மீறுகிறார்கள் என்பதால், சட்டத்தை மீறுகிறவர்கள் எல்லோரும் நோயாளிகள் ஆகிவிட மாட்டார்கள். இருபது வயதிலிருந்து ஏமாற்றியே பிழைப்பவருக்கு இந்த அத்தியாயத்தில் அடைக்கலம் இல்லை. நாம் பேசுவது திருப்பத்தைப் பற்றி: ஐம்பது வயதுவரை ஒரு ரூபாய்க்கும் கணக்குச் சொன்னவர் ஐம்பத்திரண்டில் கடையில் திருடுவதைப் பற்றி.

ஆனால் சட்டத்தின் அளவுகோல் இங்கே தடுமாறுகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ஆம் பிரிவாகியிருக்கிறது. தான் செய்வது என்னவென்றோ, அது தவறென்றோ அறிய முடியாத நிலையில் இருந்தாரா என்பதுதான் அதன் கேள்வி. முன்மடல் பழுதுபட்டவரிடம் கேளுங்கள், "தவறுதான்" என்று தெளிவாகச் சொல்வார். மூளைக் கட்டி அகற்றப்பட்டபோது முன்மடலின் ஒரு பகுதியை இழந்த கணக்காளர் ஒருவரைப் பற்றி 1985-இல் எஸ்லிங்கர், டமாசியோ என்ற இரு நரம்பியல் அறிஞர்கள் எழுதினார்கள். அறிவுச் சோதனைகளில் சராசரிக்கு வெகு மேலே இருந்தார். ஒழுக்கச் சிக்கல்களுக்குக் காகிதத்தில் சரியான விடை சொன்னார். வாழ்க்கையில் வேலையை இழந்தார், தகாத கூட்டாளியோடு சேர்ந்து தொழிலில் நொடித்துப்போனார், மணவாழ்க்கையும் முறிந்தது. தெரிந்திருப்பது வேறு, தெரிந்தபடி நிற்பது வேறு. நாக்கு மூளையின் ஒரு பகுதியின் வேலை, கடிவாளம் இன்னொரு பகுதியின் வேலை. பாதிக்கப்பட்டவருக்கு நீதி வேண்டும், சமூகத்துக்குப் பாதுகாப்பும் வேண்டும். இரண்டையும் விட்டுக்கொடுக்காமலே, தண்டிப்பதற்கு முன் பரிசோதிக்க வேண்டும் என்று கேட்கலாம். அதைத்தான் கேட்கிறேன்.

தேய்வு நோயும் மூளை அழற்சியும் அரியவை. நம் சாலைகளில் இதே பழுது தினமும் நடக்கிறது. முன்மடல் உட்கார்ந்திருக்கும் எலும்புத் தளம் மழமழப்பானது இல்லை. அதில் கரடுமுரடான மேடுகள் உண்டு. ஹெல்மெட் இல்லாமல் பைக்கிலிருந்து விழுபவரின் மண்டை சட்டென்று நிற்கிறது. உள்ளே மூளை நிற்பதில்லை. அது முன்னே வழுக்கி அந்த மேடுகளில் உராய்கிறது. பின்மண்டையில் அடிபட்டாலும் கன்றிப்போவது பெரும்பாலும் முன்மடலும் பொட்டுமடலின் நுனியும்தான். தமிழகச் சாலைகளில் ஆண்டுக்குப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். தலையில் அடிபட்டுப் பிழைத்து வருகிறவர்கள் அதைவிடப் பல மடங்கு. கைகால் நலமாகி, பேச்சு வந்து, "பிழைச்சுக்கிட்டான்" என்று ஊர் மகிழும். ஆறு மாதம் கழித்து மனைவி சொல்வாள், "வந்தது இவர் இல்லை" என்று. காரணமில்லாத கோபம், பெற்ற பிள்ளையின் அழுகைக்கும் அசையாத முகம், கையில் நிற்காத காசு. டிஸ்சார்ஜ் சீட்டில் இதற்கென்று ஒரு வரிகூட இருக்காது.

1848-இல் அமெரிக்க ரயில்பாதைத் தொழிலாளர் பினியஸ் கேஜின் முன்மடலை ஆறு கிலோ எடையுள்ள இரும்புக் கம்பி துளைத்துச் சென்றதும், அவர் பழைய கேஜாக இல்லாமல் போனதும் பாடநூல்களில் உண்டு. பாடநூல்கள் விட்டுவிடும் மறுபாதியும் உண்டு. அவர் பிறகு சிலி நாட்டுக்குப் போய், பல ஆண்டுகள் குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டியை ஓட்டினார். தினமும் ஒரே நேரம், ஒரே வழி, ஒரே கடமை. அந்த ஒழுங்கு அவரைத் தாங்கியிருக்கலாம் என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்த மால்கம் மக்மிலன் கருதுகிறார். அடிபட்ட மூளைக்கு வெளியே இருந்து ஒரு சாரம் கட்டிக்கொடுத்தால் அது ஓரளவு நிமிர்ந்து நிற்கும் என்பதை இன்றைய மறுவாழ்வு மருத்துவமும் ஏற்கிறது.

"தேய்வு நோய்க்குத்தான் மருந்தே இல்லையே, பெயர் தெரிந்து என்ன பயன்?" என்பார்கள். பயன் நிறைய உண்டு. அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் மாத்திரை இந்த நோயில் சிலரின் நடத்தையை மேலும் கெடுக்கும். பெயர் தெரிந்தால் அதைத் தவிர்க்கலாம். மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகள் கிளர்ச்சியைத் தணிக்கும். நிலத்தை யாருக்காவது எழுதிக் கொடுத்துவிடுவதற்கு முன் குடும்பம் விழித்துக்கொள்ளலாம். தேய்வு நோய் போலவே தோன்றி, குணமாகக்கூடியவையும் இருக்கின்றன: பி12 குறைபாடு, தைராய்டுச் சுரப்பிக் குறைவு, மண்டைக்குள் மெல்லக் கசிந்து தேங்கிய ரத்தம், முன்மடல் கட்டி. ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் இவற்றில் பலவற்றைக் காட்டிவிடும். இவற்றை எல்லாம் தாண்டி, முப்பது வருடம் கூடவே வாழ்ந்த மனைவிக்கு "அவர் என்னை வெறுக்கவில்லை" என்று தெரிவதற்கு விலை ஏது?

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால் மருத்துவரிடம் மூன்று சேதிகளைக் கொண்டுபோங்கள்: முன்பு எப்படி இருந்தார், எந்த மாதத்திலிருந்து மாறினார், அந்த மாற்றம் கூடிக்கொண்டே போகிறதா. நோயாளி எதிரில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் நன்றாகவே பேசிவிடுவார். தனக்கு ஒன்றும் இல்லை என்றும் சொல்வார், அதை நம்பியும் சொல்வார். அதனால் குடும்பத்தாரைத் தனியாகக் கேட்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். தொடக்க நாட்களில் ஸ்கேன் சரியாக இருந்தாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி போங்கள். திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் டெலிமனாஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.